கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும் கருவி

தைப்பூசம் கழிந்த நான்காம் நாள், செபராங் பிறையிலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவிலுள்ள எங்கள் ஆய்வகத்துக்கு வந்த குளிர்பெட்டியில், இரத்த மாதிரி அடங்கிய, ஊதா மூடி போட்ட குழாய் ஒன்று இருந்தது. நோயாளி ஐம்பது வயதைக் கடந்த பெண் என்பதும், நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்காக நாள்தோறும் 400 மில்லிகிராம் இமாட்டினிப் உட்கொள்கிறார் என்பதும், பிளாஸ்மாவில், அதாவது இரத்த அணுக்களை நீக்கிய பின் மிஞ்சும் நீர்ப்பகுதியில், அம்மருந்து எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் உடன் வந்த படிவத்தில் எழுதப்பட்டிருந்தன. கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மறுநாள் மாலை கருவி தந்த விடை, மில்லிலிட்டருக்கு 418 நானோகிராம்.

அந்த ஒரே எண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவிடம் மருந்தாளர் வழியாகச் சம்மதம் கேட்டுப் பெற்று, அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி இப்போது எழுதுகிறேன்.

எண்ணின் பொருள் விளங்க வேண்டுமானால் மருந்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இந்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் பிறக்கும் பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்னும் புரதம் ஓய்வே இல்லாமல் வெள்ளணுக்களைப் பெருகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் புரதம் வேலை செய்யும் குழிக்குள் போய் அமர்ந்து அதைத் தடுப்பதே இமாட்டினிப்பின் பணி. 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிறகு, அதுவரை சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த ஒரு நோய், நீரிழிவைப்போல மாத்திரை போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழக்கூடிய நோயாக மாறியது. ஆனால் குழியில் மருந்து எப்போதும் அமர்ந்திருக்க வேண்டும். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு, அதாவது அளவு மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில்கூட, போதிய மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். 2007இல் பிரான்சில் 68 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, அந்தத் தாழ்ந்த அளவு ஏறத்தாழ 1,000 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கே மருந்து நன்றாகக் கேட்டது என்று காட்டியது. அன்று முதல் உலகின் பல ஆய்வகங்கள் 1,000 என்பதை ஓர் எல்லைக்கல்லாகக் கொண்டிருக்கின்றன. எல்லைக்கல் என்றாலும் அதை மதிலாகக் கருதக் கூடாது. 2008இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வில், ஒரே 400 மில்லிகிராம் உட்கொண்ட 351 பேரின் சராசரி 979 நானோகிராம், திட்டவிலக்கம் 530. ஒரே மாத்திரைதான் என்றாலும், உடலுக்கு உடல் இத்தனை வேறுபாடு!

அப்படிப் பார்த்தாலும் 418 மிகவும் குறைவு. அந்த அம்மாவின் இரத்தத்தில் நோயின் மரபணுச் சுவடு கூடத் தொடங்கியிருந்ததால்தான் மருத்துவர் இந்தச் சோதனையைக் கேட்டிருந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் மனத்தில் முதலில் எழும் எண்ணம், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்பதுதான். கணக்கும் அதற்கு இடம் கொடுக்கிறது. இமாட்டினிப் ஏறத்தாழ 18 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒரே ஒரு நாள் மாத்திரை தவறினால், 24 மணி நேரத்தில் 1,000 ஆக இருந்தது 48ஆம் மணி நேரத்தில் 400க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தைப்பூசம் வேறு முடிந்திருந்தது. உணவோடு போட வேண்டிய மாத்திரையை விரதகாலத்தில் விட்டிருப்பார் என்று நினைக்க எவருக்கும் அதிக நேரம் பிடிக்காது. அப்படித்தான் நினைக்கவும் செய்தார்கள்.

இந்தத் தொழிலில் என் பிடிவாதம் ஒன்று உண்டு. குறைந்த எண் வந்தால், அதைக் கொடுத்தவரைச் சந்தேகிக்கும் முன் அதை அளந்த என் கையைச் சந்தேகிப்பேன். ஆய்வகத்திலிருந்து புறப்படும் எண்ணுக்கு மருத்துவமனையில் ஒரு தீர்ப்பின் எடை வந்துவிடுகிறது. எதிரே அமர்ந்திருப்பவர் அதை மறுத்துப் பேச முடியாது.

எங்கள் வேலை 50 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் தொடங்குகிறது. ஒரு பெரிய மழைத்துளி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 150 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானை ஊற்றியதும், பாலில் எலுமிச்சை விழுந்ததுபோல் புரதங்கள் வெண்மையாகத் திரிந்துவிடும். இரத்தத்தில் இமாட்டினிப்பின் 95 விழுக்காடு புரதங்களைப் பற்றிக்கொண்டே திரிவதால், அந்தப் பிடியை உடைத்தால்தான் முழு அளவும் கரைசலுக்குள் வரும். மையவிலக்கியில் சுழற்றியதும் புரதம் அடியில் கட்டியாகி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதிலிருந்து 5 மைக்ரோலிட்டர் மட்டும் கருவிக்குள் போகிறது. பிளாஸ்மாவில் 1,000 நானோகிராம் இருந்தால், இந்த 5 மைக்ரோலிட்டரில் இருப்பது ஒன்றேகால் நானோகிராம். காலையில் விழுங்கிய மாத்திரையின் 32 கோடியில் ஒரு பங்கு.

கருவிக்குள் நடப்பதை எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தெளிந்த நீர் முதலில் ஒரு மெல்லிய பிரிப்புக் குழாய் வழியே உயர் அழுத்தத்தில் தள்ளப்படுகிறது. உப்புகள் முதலில் வெளியேற, கொழுப்புகள் கடைசியில் வர, இமாட்டினிப் தனக்குரிய நிமிடத்தில் வெளியே வருகிறது. குழாயின் முனையில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் இருப்பதால் திரவம் மென்பனியாகச் சிதறி, நைட்ரஜன் காற்றில் உலர்ந்து, மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்ற அயனிகளாக மிதக்கின்றன. இந்த மின்தெளிப்பு முறையைப் பெரிய மூலக்கூறுகளுக்கும் பயன்படுத்தலாம் என்று காட்டியதற்காகவே ஜான் ஃபென் 2002ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதற்கு அப்பால் இருப்பது வெற்றிடம். அங்கே நான்கு உலோகத் தண்டுகள் சேர்ந்த வடிகட்டி ஒன்று, 494 என்ற நிறையுடைய அயனியை மட்டும் கடக்க விட்டு மற்ற அனைத்தையும் வழியிலேயே தள்ளிவிடும். கடந்து வந்த அயனி அடுத்த அறையில் வாயு மூலக்கூறுகளோடு மோதி உடைகிறது. உடையும்போது இமாட்டினிப் பெரும்பாலும் ஒரே இடத்தில் முறிகிறது. வால்போல் தொங்கும் 100 நிறையுள்ள துண்டு உதிர்ந்து, 394 நிறையுள்ள சேய் அயனி மிஞ்சுகிறது. மூன்றாம் அறையில் உள்ள வடிகட்டி 394ஐ மட்டும் விடும். 1978இல் யோஸ்ட், என்கே என்னும் இருவர் மிச்சிகனில் உருவாக்கிய இந்த மூன்றடுக்கு அமைப்பை எங்கள் ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக் என்றே சொல்வோம். தமிழில் எழுதும்போது நிறை நிறமாலைமானி என்று எழுதுகிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கருவி அன்று, நாங்கள் முதலிலேயே சேர்த்துவிடும் ஒப்பீட்டுப் பொருள். இமாட்டினிப்பின் வால் துண்டில் உள்ள எட்டு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டிரியம் அணுக்கள் எட்டை வைத்துச் செய்த இரட்டைப் பிள்ளை அது. நடத்தையில் இரண்டுக்கும் ஏறத்தாழ வேறுபாடே இல்லை. எடை மட்டும் எட்டு கூடுதல், அதனால் 502. உடையும்போது கனமான வால் உதிர்ந்துவிடுவதால் அதுவும் 394 என்ற அதே சேயைத் தருகிறது. அசிட்டோநைட்ரைலோடு சேர்த்து ஒரே அளவு இரட்டையை எல்லா மாதிரிக்கும் கொடுத்துவிடுகிறோம். பிறகு வழியில் எது தொலைந்தாலும் இரண்டும் சேர்ந்தே தொலையும். பிளாஸ்மாவின் கொழுப்புகள் மின்தெளிப்பில் குறுக்கிட்டு அயனிகளை அமுக்கினாலும், ஒரே நொடியில் வெளிவரும் இரண்டையும் ஒரே அளவு அமுக்கும். நாங்கள் இறுதியில் பார்ப்பது இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை. ஆகவே அது மாறுவதில்லை.

ஆனால் இரட்டைப் பிள்ளையாலும் காட்டிக்கொடுக்க முடியாத பிழை ஒன்று உண்டு. அது வந்து சேர்வதற்கு முன்பே நடந்துவிடும் பிழை. ஐம்பது மைக்ரோலிட்டர் எடுப்பதாக நினைத்து நாற்பதே எடுத்திருந்தால், எண் ஐந்தில் ஒரு பங்கு குறையும், விகிதமோ கள்ளமில்லாமல் நிற்கும். உறைந்து உருகிய பிளாஸ்மாவில் சில நேரம் சிலந்தி நூல்போல் ஒரு இழை மிதக்கும். அது ஃபைப்ரின், இரத்தம் உறையும்போது உருவாகும் புரத நூல். உறிஞ்சியின் பிளாஸ்டிக் முனையில் அந்த நூல் போய் அடைத்துக்கொண்டால், விசையை விடும்போது திரவம் மெதுவாக ஏறி, வழக்கமான கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். நின்ற உயரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர் அதைத் தவறவிடுவார். அன்று மாலை எனக்கு வந்த முதல் ஐயம் அதுதான்.

எனவே அந்தக் குழாயை மறுபடி எடுத்து, முழுமையாக உருகவிட்டு, கலக்கி, சுழற்றி, நூல் ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மீண்டும் இரண்டு முறை தனித்தனியாக அளந்தேன். எங்கள் அளவுத்திருத்தக் கோடு 25 முதல் 5,000 நானோகிராம் வரை செல்கிறது. அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரிகள் 75, 2,000, 4,000 ஆகிய மூன்று இடங்களில் இருக்கின்றன. 2022இல் நிறைவு பெற்ற ஐ.சி.எச். எம்10 என்னும் பன்னாட்டு நெறிமுறை, இவை உண்மை அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. கோட்டின் அடிமட்டத்தில் மட்டும் 20 வரை இடம் தருகிறது. அன்று எல்லாம் உள்ளேதான் இருந்தன. இருந்தாலும் என் மனம் சமாதானமாகவில்லை. 400 நானோகிராமில் புதிதாக ஒரு கட்டுப்பாட்டு மாதிரியைத் தயாரித்து அந்த அம்மாவின் மாதிரிக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். அது 391 காட்டியது. அவருடையது 426, 421. முதல் நாள் எண் பிழையில்லை.

அதே ஓட்டத்தில் இன்னொன்றையும் அளக்கிறோம். கல்லீரலில் சிப்3ஏ4 என்னும் நொதி இமாட்டினிப்பிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றிவிடும். அப்படிப் பிறக்கும் பொருளின் நிறை 480, அதுவும் உடைந்து 394ஐயே தருகிறது. தாய் அயனிகள் மூன்று, சேய் ஒன்று. எங்களுக்கு வரும் மாதிரிகளில் இப்பொருள் தாய் மருந்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருப்பதே வழக்கம். அந்த அம்மாவின் மாதிரியில் அது ஐந்தில் இரண்டு பங்கை நெருங்கியது.

இதைப் பார்த்ததும் புதிர் அவிழ்ந்துவிட்டது என்று எழுத முடிந்தால் கதை அழகாக இருக்கும், ஆனால் அது உண்மையாகாது. நொதி அளவுக்கு மீறி வேலை செய்தால் இந்த விகிதம் கூடும் என்பது சரி. மாத்திரையைத் தவறவிட்டாலும் கூடும். 480 நிறையுள்ள அப்பொருள் பாதியாகக் குறைய 40 மணி நேரம், தாய் மருந்துக்கோ 18 மணி நேரம். மாத்திரை நின்றால் தாய் விரைவாகக் குறைந்துபோக, 480 பின்தங்கி நிற்கும். ஒரே ஒரு குழாயை வைத்துக்கொண்டு இவ்விரண்டில் எது நடந்தது என்று சொல்ல இயலாது. ஆய்வக அறிக்கையில் நான் அதையே எழுதினேன்: அளவு குறைவு, மறுமுறையும் உறுதி, காரணம் இந்த மாதிரியிலிருந்து தெரியவில்லை, கடைசி மாத்திரையின் நேரமும் உடன் எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலும் தேவை. பிறகு அந்த மருத்துவமனையின் மருந்தாளருக்குத் தொலைபேசியில் அழைத்து, எழுதியதை வாயாலும் சொன்னேன்.

அவர் தமிழ்ப் பெண். பணிச்சுமை மிகுந்தவர். இருந்தும் அடுத்த வாரம் அந்த அம்மா வந்தபோது, கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அன்று பிற்பகல் அவரே அழைத்தார். "அண்ணே, மாத்திரைய எண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணுகூட மிச்சமில்ல. விரதத்துல ராத்திரி சாப்பாட்டோட போட்டிருக்காங்க, இன்னும் ராத்திரியிலதான் போடுறாங்க" என்றார். அந்தச் செய்தி என்னை நிமிர வைத்தது. இரவு எட்டு மணிக்கு மாத்திரை, காலை ஒன்பது மணிக்கு இரத்தம் என்றால் இடைவெளி 13 மணி நேரம்தான். அந்த நேரத்தில் அளவு வழக்கத்தைவிட உயர்ந்து அல்லவா இருக்க வேண்டும்? 24ஆம் மணி நேரத்தில் எடுத்திருந்தால் 418கூட வந்திருக்காது.

மருந்தாளர் இன்னும் முடிக்கவில்லை. வேறு மருந்து உண்டா என்று முன்பு கேட்டபோதெல்லாம் இல்லை என்றே சொல்லியிருந்த அந்த அம்மா, பேச்சின் கடைசியில், இரவில் மாத்திரையோடு சேர்த்து மூன்று கேப்சூல் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். "அது மருந்தாம்மா? சின்ன வயசுலேர்ந்து போடுறதாச்சே" என்றாராம். வலிப்புக்கான பெனிட்டோயின் அது. ஊரில் உள்ள ஒரு சிறிய கிளினிக்கில் வாங்கி, மைலோ டின்னுக்குள் போட்டு, சமையலறை மேல்தட்டில் வைத்திருக்கிறார். திருமணத்தின்போது மறைத்தது, பிள்ளைகளுக்கும் முழுதாகத் தெரியாது. வலிப்பு என்றால் குடும்பத்துக்கே ஒரு சொல் வந்துவிடும் என்று அஞ்சிய காலத்தில் பழகிய பழக்கம், முப்பது ஆண்டுகள் கழித்தும் கையை விட்டுப் போகவில்லை. அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. எங்கள் உறவிலேயே அப்படி ஒரு டின் இருந்தது எனக்குத் தெரியும்.

பெனிட்டோயின், சிப்3ஏ4 நொதியைக் கல்லீரலில் பெருகச் செய்யும் மருந்துகளில் ஒன்று. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதே வேலையைச் செய்து இமாட்டினிப்பின் மொத்த அளவை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைத்துவிடும் என்பது அளந்து அறியப்பட்ட உண்மை. அந்த அம்மா ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை போட்டார், அதைவிடத் தவறாமல் அவருடைய கல்லீரல் அதை அழித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் நான் பல இரவுகள் யோசித்த இடம் இருக்கிறது. அந்த ஊதா மூடிக் குழாயில் பெனிட்டோயினும் இருந்தது. வலிப்பு மருந்து இரத்தத்தில் நிற்க வேண்டிய அளவு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம், அதாவது 10,000 நானோகிராமுக்கு மேல். அவருடைய இமாட்டினிப்பைப்போல் இருபது மடங்குக்கும் மேல். நான் மூன்று முறை உறிஞ்சிய அதே 50 மைக்ரோலிட்டரில் அது மூன்று முறையும் இருந்தது, மின்தெளிப்பில் பறந்தது, முதல் வடிகட்டியின் வாசல் வரை வந்தது. வாசலில் 494, 502, 480 என்று மூன்று நிறைகளுக்கு மட்டும் அனுமதி எழுதிவைத்தவன் நான். 253 என்ற நிறை வந்து நின்றபோது கருவி அதைத் தள்ளிவிட்டு, கேட்டதற்கு மட்டும் விடை சொன்னது. இந்தக் கருவியின் நுண்மை முழுவதும் அந்தத் தள்ளிவிடுதலிலிருந்தே வருகிறது. எல்லாவற்றையும் உள்ளே விட்டால் 32 கோடியில் ஒரு பங்கை அதனால் பார்க்க முடியாது. ஆகவே இது கருவியின் குறையன்று. கேள்வியைக் கூட்ட வேண்டுமானால், நோயாளியிடம் உட்கார்ந்து பேசும் ஒருவர் அதைக் கூட்ட வேண்டும்.

அதன் பிறகு எங்கள் படிவத்தை மாற்றினோம். கடைசி மாத்திரையின் நேரமும் இரத்தம் எடுத்த நேரமும் இல்லாத மாதிரியை, தொலைபேசியில் கேட்டு நிரப்பாமல் ஓட்டுவதில்லை. இந்த நேரக் குழப்பம் நம் ஊரில் அடிக்கடி நேர்வது. பெருநிலத்திலிருந்து வருபவர் விடியுமுன் கிளம்பி, மருத்துவமனை கேண்டீனில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, உணவோடு போடச் சொன்ன மாத்திரையையும் அப்போதே போட்டுவிடுவார். பத்து மணிக்கு இரத்தம் எடுத்தால் அது அடிமட்டமாக இராது, ஏறத்தாழ உச்சமாக இருக்கும். ஆபத்தான குறைவும் அன்று நல்ல எண்ணாகத் தெரியும். சோதனை நாளில் இரத்தம் கொடுத்த பிறகே உணவும், ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு மாத்திரையும் என்று இப்போது மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் ஒரு சீட்டு அனுப்புகிறோம். மற்ற மருந்துகள் என்ற கட்டத்தையும் பிரித்துவிட்டோம். சிறு வயதிலிருந்து போடுவது, வேறு கிளினிக்கில் வாங்குவது, நாட்டு மருந்து, பழம் என்று தனித்தனியாகக் கேட்கிறோம். பழம் என்றதும் சிலர் வியக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட் அதே நொதியை அடக்கி இமாட்டினிப்பை உயர்த்தக்கூடியது, நம் தம்புன் பம்ளிமாசு அதன் நெருங்கிய உறவு, இரண்டிலும் ஒரே வகை ஃபியூரானோகூமரின்கள் உள்ளன. சீனப் பெருநாளையும் நிலா விழாவையும் ஒட்டி வீடுதோறும் அது குவியும் ஊரில் கேட்காமல் இருப்பது சரியில்லை.

பெனிட்டோயின் உடன் இருந்தேயாக வேண்டும் என்றால் இமாட்டினிப்பின் அளவைக் குறைந்தது பாதியளவு கூட்டுவது ஒரு வழி. மருத்துவர்கள் இருவரும் கலந்து பேசி, நொதியைத் தூண்டாத லெவெட்டிராசெட்டம் என்ற வேறொரு வலிப்பு மருந்துக்குப் படிப்படியாக மாற்ற முடிவு செய்தார்கள். பெருகிய நொதி பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அடுத்த மாதிரியைப் பொறுத்திருந்தே அனுப்பச் சொன்னேன்.

அது மழை நாளில் வந்தது. படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. கடைசி மாத்திரை முந்தைய நாள் காலை 8.15, இரத்தம் காலை 8.30 என்று மருந்தாளரின் கையெழுத்தில் இருந்தது. உறிஞ்சியின் முனையை வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டேன். எண் 1,090. 480 நிறையுள்ள பொருள் தாய் மருந்தின் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல செய்தியையும் மறுமுறை அளந்தே அனுப்புவது என்று வைத்திருப்பதால் மறுநாள் மீண்டும் ஓட்டினேன், 1,074 வந்தது. அறிக்கையில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு, மருந்தாளரை அழைத்தேன்.